நோயுற்ற குடலும் உறிஞ்சும்: உப்பு – சர்க்கரைக் கரைசலின் வரலாறு

முன்னுரை

உண்ட உணவு உடம்பாவது இரு நிலைகளில் நிகழ்கிறது. முதலாவது செரித்தல், இரண்டாவது உட்கிரகித்தல். வாயிலும் இரைப்பையிலும் சிறுகுடலிலும் கலக்கும் சுரப்புகள் உணவைச் சிறு கூறுகளாகப் பிரிப்பது செரித்தல் ஆகும். அக்கூறுகள் குடற்சுவரைக் கடந்து குருதியையும் நிணநீரையும் அடைவது உட்கிரகித்தல் ஆகும். குடற்குழாயினுள் இருக்கும்வரை, எவ்வளவு செரித்ததாயினும், உணவு உடம்புக்குப் புறத்தே நிற்பதாகவே கொள்ளவேண்டும். சுவரைக் கடந்த பின்னரே அது உடம்பினுடையதாகிறது.

இக்கடத்தல் எவ்வாறு நிகழ்கிறது என்னும் வினாவுக்கு இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில்தான் தெளிவான விடை கிடைத்தது. அவ்விடை ஆய்வுக்கூடத்தோடு நின்றுவிடவில்லை. கல்கத்தா, டாக்கா ஆகிய வங்க நகரங்களின் காலரா மருத்துவமனைகளை அடைந்து, கோடிக்கணக்கான உயிர்களைக் காத்த எளிய மருந்தாக உருப்பெற்றது. நீர், உப்பு, சர்க்கரை என்னும் அம்மருந்தின் முதன்மைப் பொருள்கள் மூன்றும் மக்கள் நெடுங்காலமாக அறிந்தவை. பொருள்கள் கைக்கெட்டும் தொலைவில் இருந்தும் மருந்து இத்துணைக் காலந்தாழ்த்தித் தோன்றியது ஏன் என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

குடற்சுவர் பற்றிய அறிவு

செரித்தலைக் காண்பதற்கு வாய்ப்பு முன்னரே கிட்டியது. 1822ஆம் ஆண்டு வட அமெரிக்காவில் அலெக்சிஸ் செயின்ட் மார்ட்டின் என்னும் இளைஞரின் வயிற்றில் துப்பாக்கிக் குண்டு பாய்ந்தது. ஆறிய புண் இரைப்பைக்கு ஒரு துளையை விட்டுச் சென்றது. அத்துளை வழியே உணவு கரைவதைப் பல ஆண்டுகள் கண்டறிந்த வில்லியம் போமாண்ட் என்னும் இராணுவ மருத்துவர், தம் முடிவுகளை 1833இல் நூலாக வெளியிட்டார். இரைப்பை நீர் உணவைக் கரைக்கிறது என்பது அதன்பின் ஐயத்திற்கிடமின்றி நிலைபெற்றது.

உட்கிரகித்தலைக் காண்பதோ அரிது. இத்தாலிய உடற்கூற்றறிஞர் காஸ்பரே அசெல்லி 1622இல், அண்மையில் உணவு உண்ட நாயின் வயிற்றைத் திறந்தபோது, குடலைத் தாங்கும் சவ்வில் பால் போன்ற வெண்ணிற இழைகள் படர்ந்திருப்பதைக் கண்டார். உணவின் கொழுப்பைக் குடலிலிருந்து எடுத்துச் செல்லும் நிணநீர் நாளங்கள் அவை. உணவு குடலைவிட்டு வெளியேறும் வழிகளுள் ஒன்று அன்று தெரிந்தது. ஆயினும் குடற்சுவரை அது எவ்வாறு கடந்தது என்பது தெரியவில்லை.

சிறுகுடலின் உட்பரப்பு மடிப்புகளாகவும், அம்மடிப்புகளின்மேல் விரல் போன்ற குடலுறிஞ்சிகளாகவும், அவற்றைப் போர்த்திய உயிரணுக்களின்மேல் நுண்ணுறிஞ்சிகளாகவும் அமைந்துள்ளது. இவ்வமைப்பால் அதன் பரப்பு ஏறத்தாழ 30 சதுர மீட்டராக விரிவதாக அண்மைக்கால அளவீடுகள் காட்டுகின்றன. நாள்தோறும் ஏறத்தாழ 9 லிட்டர் நீர்மம் சிறுகுடலை அடைகிறது. இதில் 2 லிட்டர் அளவே உண்டும் குடித்தும் பெறப்படுவது; எஞ்சியது உடம்பு தானே சுரந்து அனுப்புவது. இவ்வளவிலும் 100 முதல் 200 மில்லிலிட்டர் வரையே மலத்துடன் வெளியேறுகிறது. குடல் ஒருநாள் இவ்வேலையைச் செய்யத் தவறினால் உடம்பு எவ்வளவு நீரை இழக்கும் என்பதை இக்கணக்கே உணர்த்தும்.

வடிதுணி வழியே நீர் இறங்குவதுபோலக் குடற்சுவர் வழியே உணவுச்சாறு இறங்குகிறது என்னும் கருத்து நெடுங்காலம் நிலவியது. 1925இல் கார்ல் கோரி எலிகளிடம் நிகழ்த்திய ஆய்வுகள் இக்கருத்துக்கு மாறாக அமைந்தன. குளுக்கோஸ், கேலக்டோஸ் ஆகிய சர்க்கரைகள் விரைந்து உறிஞ்சப்பட்டன. அவற்றினும் சிறிய மூலக்கூறுடைய அராபினோஸ் என்னும் சர்க்கரை மெல்லவே உறிஞ்சப்பட்டது. வெறும் வடிகட்டியாயின் சிறியதே முந்திச் செல்லவேண்டும். ஆகவே, குடற்சுவர் தேர்ந்தெடுத்து உள்வாங்குகிறது என்பது புலனாயிற்று. தேர்ந்தெடுக்கும் முறை யாது என்பது மேலும் முப்பத்தைந்து ஆண்டுகள் அறியப்படாதிருந்தது.

காலராவும் இழந்த நீரும்

பத்தொன்பதாம் நூற்றாண்டில் வங்கத்திலிருந்து உலகெங்கும் பரவிய காலரா, குடலின் உறிஞ்சும் தொழிலைத் தலைகீழாக்கும் நோயாகும். கடும் நோயாளி ஒருவர் ஒரு மணி நேரத்தில் ஒரு லிட்டர் நீர்மத்தை இழத்தல் கூடும். கண் குழிந்து, தோல் சுருங்கி, நாடி மறைந்து, காலையில் நலமாயிருந்தவர் மாலைக்குள் இறப்பதுண்டு.

1831ஆம் ஆண்டின் இறுதியில் வட இங்கிலாந்தில் காலரா பரவியபோது, வில்லியம் புரூக் ஓஷாஹ்னசி என்னும் இளம் மருத்துவர் நோயாளிகளின் குருதியைச் சோதித்தார். குருதி தன் நீரையும் உப்புகளையும் இழந்திருந்தது. இழந்தவற்றை மீண்டும் அளிப்பதே மருந்து என்பது அவர் முடிபு. அடுத்த ஆண்டே ஸ்காட்லாந்தின் லீத் நகரில் தாமஸ் லாட்டா உப்புநீரை நோயாளிகளின் சிரைக்குள் செலுத்தினார். இறக்கும் தறுவாயில் இருந்தவர் சிலர் எழுந்து அமர்ந்தனர். ஆனால் தூய்மையாக்கப்படாத நீராலும், தொடர்ந்து செலுத்தப்படாமையாலும் பலர் இறந்தனர், முறையும் கைவிடப்பட்டது. ஓஷாஹ்னசி 1833இல் கல்கத்தாவுக்கு வந்து மருத்துவக் கல்லூரியில் பணியாற்றினார். பின்னர் இந்தியத் தந்தி அமைப்பை நிறுவியவராகவே அவர் பெயர் நிலைத்தது.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கல்கத்தாவில் லியோனார்ட் ரோஜர்ஸ் அடர்த்தி மிகுந்த உப்புநீரைச் சிரைவழிச் செலுத்தி, இறப்பை ஏறத்தாழப் பாதியாகக் குறைத்தார். 1960களில் நல்ல வசதியுள்ள மருத்துவமனைகளில் காலரா இறப்பு நூற்றுக்கு ஒன்றுக்கும் கீழே இறங்கியது. எனினும் இம்முறைக்குத் தூய்மையாக்கப்பட்ட நீர்மம் பல லிட்டரும், ஊசியும், பயிற்சி பெற்றோரும் தேவை. காலரா தோன்றும் சிற்றூர்களிலும் வெள்ளம் சூழ்ந்த இடங்களிலும் இம்மூன்றும் இல்லை.

சிரையைத் தேடுவதைவிட வாய்வழியே நீரூட்டலாமே என்னும் எண்ணம் தடைப்பட்டமைக்கு ஒரு கோட்பாடு காரணமாயிற்று. காலராவில் இறந்தோரின் குடலைச் சோதித்த பத்தொன்பதாம் நூற்றாண்டு அறிஞர், அதன் உட்படலம் உரிந்து கிடக்கக் கண்டனர். நோயே படலத்தை உரிக்கிறது என்னும் கருத்தைப் புகழ்பெற்ற நோய்க்கூற்றறிஞர் ருடால்ஃப் விர்கோ ஏற்றிருந்தார். உரிந்த குடல் எதையும் உறிஞ்சாது. ஆகவே குடலுக்கு ஓய்வளிக்கவேண்டும், உணவையும் நீரையும் நிறுத்தவேண்டும் என்பது இதிலிருந்து பிறந்த மருத்துவ வழக்கம். நீரின்றி இறக்கும் நோயாளிக்கு நீர் மறுக்கப்பட்டது.

கல்கத்தாவின் இரு பங்களிப்புகள்

இக்கோட்பாட்டைக் கல்கத்தாவைச் சேர்ந்த இருவர் இருவேறு வழிகளில் அசைத்தனர். ஒருவர் ஹேமேந்திரநாத் சாட்டர்ஜி. அவர் காலரா நோயாளிகள் 186 பேருக்கு வாய்வழியே நீரூட்டிய பட்டறிவை 1953இல் ‘லான்செட்’ இதழில் வெளியிட்டார். ஒரு லிட்டர் நீரில் 4 கிராம் உப்பும் 25 கிராம் குளுக்கோசும் கலந்தது அவர் கரைசல். வாந்தியைக் கட்டுப்படுத்த மருந்தளித்ததோடு, பேதியைக் கட்டுப்படுத்தக் கற்பூரவள்ளி இலைச்சாற்றையும் அவர் பயன்படுத்தினார். ஆனால் வேறு முறையில் மருத்துவம் பெற்றோருடன் ஒப்பீடு இல்லை. உட்சென்ற நீர், வெளியேறிய நீர் ஆகியவற்றின் அளவுக் கணக்கும் இல்லை. சர்க்கரை ஏன் வேண்டும் என்பதற்கு அறிவியல் விளக்கம் அன்று எவரிடமும் இல்லை. அக்கட்டுரை பெரிதும் பொருட்படுத்தப்படவில்லை.

மற்றொருவர் சம்புநாத் டே. கல்கத்தாவில் பணியாற்றிய நோய்க்கூற்றறிஞரான இவர், முயலின் குடலை இருபுறமும் கட்டி, அக்கண்ணியினுள் காலராக் கிருமிகளைச் செலுத்தும் முறையை 1953இல் அமைத்தார். கண்ணி நீரால் நிரம்பிப் புடைத்தது. பின்னர்க் கிருமிகளை முற்றிலும் வடிகட்டிய நீர்மத்தை மட்டும் செலுத்தியபோதும் அவ்வாறே நிகழ்ந்தது. காலராவைத் தோற்றுவிப்பது கிருமி வெளியிடும் நச்சு என்னும் இம்முடிவு 1959இல் ‘நேச்சர்’ இதழில் வெளிவந்தது. குடலைச் சிதைக்காமலே அதனை மிகையாகச் சுரக்கச் செய்யும் நச்சு அது என்பது பின்னர்த் தெளிவாயிற்று.

1960இல் பாங்காக்கில் உயிருடனிருந்த காலரா நோயாளிகளின் குடலிலிருந்து சிறு திசுக்கூறுகள் எடுத்துச் சோதிக்கப்பட்டன. யூஜின் கங்கரோசா குழுவினர் நிகழ்த்திய இச்சோதனையில் குடற்படலம் உரியாமல் முழுமையாக இருந்தமை தெரியவந்தது. முன்னோர் கண்ட உரிதல் இறந்தபின் நேர்ந்த சிதைவேயாகும். நூறாண்டுக் கோட்பாடு ஒன்று பிணத்தைக் கண்டு உயிருள்ளவரைப் பற்றிக் கூறிய தவறான முடிவாக இருந்தது எனலாம்.

சர்க்கரையோடு செல்லும் உப்பு

இதே காலத்தில் காலராவோடு தொடர்பற்ற ஆய்வாளர்கள் சர்க்கரை குடலைக் கடக்கும் முறையை ஆராய்ந்துகொண்டிருந்தனர். குளுக்கோஸ் உறிஞ்சப்படுவதற்குச் சோடியம் தேவை என்பதை ரிக்லிஸ், குவாஸ்டல் ஆகியோர் 1958இல் காட்டினர். அத்தேவைக்குரிய காரணத்தை அமெரிக்க உயிர்வேதியியலறிஞர் இராபர்ட் கிரேன் 1960ஆம் ஆண்டு ஆகஸ்டில் பிராக் நகரில் நிகழ்ந்த கருத்தரங்கில் முன்வைத்தார்.

அவர் கருத்தின் சுருக்கம் வருமாறு. குடலணுவின் உள்ளே சோடியம் குறைவு, வெளியே மிகுதி. ஆகவே சோடியம் உட்புக விழைகிறது. அணுச்சுவரில் உள்ள ஒரு வாயில் சோடியத்தைத் தனியே விடுவதில்லை. குளுக்கோசுடன் சேர்ந்து வந்தால் மட்டுமே இரண்டையும் விடுகிறது. சோடியம் தாழ்வை நோக்கிச் செல்லும் விசையால் குளுக்கோஸ் மேட்டை நோக்கி ஏற்றப்படுகிறது. கமலையில் மாடுகள் சரிவில் இறங்கக் கிணற்றுநீர் மேலேறுவதை இதற்கு ஒப்பிடலாம். உட்புகுந்த சோடியத்தை அணுவின் மறுபுறத்தில் உள்ள மற்றோர் அமைப்பு குருதிப்பக்கம் வெளியேற்றிக்கொண்டே இருப்பதால் சரிவு குறைவதில்லை. உப்பும் சர்க்கரையும் உட்சென்றவிடத்து நீரும் அவற்றைப் பின்தொடர்கிறது. இவ்வாயிலாக அமையும் புரதத்தின் மரபணுவை எர்னஸ்ட் ரைட் குழுவினர் 1987இல் பிரித்தெடுத்தனர். ஒரு குளுக்கோஸ் மூலக்கூறுடன் இரு சோடியம் அயனிகள் செல்கின்றன என்பதும் நிறுவப்பட்டது.

காலரா நச்சு குளோரைடு சுரக்கும் வழியைத் திறந்துவிடுகிறது; அதன்பின் சோடியமும் நீரும் குடலுள் பாய்கின்றன. ஆனால் குளுக்கோசும் சோடியமும் இணைந்து செல்லும் வாயிலை அந்நச்சு அடைப்பதில்லை. ஒரு வழியே நீர் வெளியேறிக்கொண்டிருக்கும்போதே மற்றொரு வழியே நீரை உள்ளே அனுப்ப இயலும். உப்புநீரை மட்டும் குடித்த நோயாளிக்குப் பயன் கிட்டாமைக்கும், சர்க்கரை கலந்த உப்புநீர் குடித்தவருக்குப் பயன் கிட்டியமைக்கும் இதுவே காரணம்.

அளவு தவறிய முயற்சியும் 1968ஆம் ஆண்டும்

காரணம் அறிந்த அளவில் மருந்து அமைந்துவிடவில்லை. அமெரிக்கக் கடற்படை மருத்துவர் இராபர்ட் பிலிப்ஸ் 1962இல் மணிலாவில் குளுக்கோஸ் கலந்த உப்புநீரை நோயாளிகளுக்கு அளித்து, அது உறிஞ்சப்படுவதைக் கண்டார். தொடர்ந்து பலருக்குச் செறிவுமிக்க கரைசலை அளித்தபோது சிலர் இறந்தனர்; முயற்சி நிறுத்தப்பட்டது. செறிவு மிகுந்த கரைசல் குருதியிலிருந்து நீரைக் குடலுக்குள் ஈர்க்கும் இயல்புடையது. உறிஞ்சுதலுக்கு உதவும் அதே சர்க்கரை, அளவு மீறின் பேதியைப் பெருக்கும். மருந்தாவதும் கேடாவதும் விகிதத்தைப் பொறுத்தது என்பது இத்தோல்வியால் பெற்ற பாடமாகும்.

1968இல் இருவேறு நகரங்களில் இப்பணி நிறைவுற்றது. டாக்காவில் நார்பர்ட் ஹிர்ஷ்ஹார்ன் குழுவினரும், கல்கத்தாவில் நதேனியல் பியர்ஸ் குழுவினரும், குளுக்கோஸ் கலந்த கரைசல் காலரா நோயாளியின் குடலில் உறிஞ்சப்படுவதை அளந்து காட்டினர். டாக்காவில் டேவிட் நாலின், ரிச்சர்ட் கேஷ் ஆகியோரும் அவர்தம் வங்க உடன்பணியாளர்களும், நோயாளி இழக்கும் நீரை அளந்து, அதற்கு ஈடாகக் குடிக்கச் செய்தனர். சிரைவழி நீர்மத்தின் தேவை இதனால் ஏறத்தாழ 80 விழுக்காடு குறைந்தது. அவ்வாண்டு ஆகஸ்டில் இது ‘லான்செட்’ இதழில் வெளியாயிற்று. ஆயினும் இவை யாவும் ஆய்வு மருத்துவமனைகளில், மருத்துவர் அருகிருந்து அளந்து நடத்தியவை. பயிற்சியற்றவர் கையில் இம்முறையை ஒப்படைக்கலாமா என்னும் வினா எஞ்சியது.

போங்கான், 1971

அவ்வினாவுக்கு விடை சொல்லும் நிலையை 1971ஆம் ஆண்டின் வங்கதேச விடுதலைப் போர் உண்டாக்கியது. ஏறத்தாழ ஒரு கோடி மக்கள் இந்தியாவில் அடைக்கலம் புகுந்தனர். எல்லையை ஒட்டிய மேற்குவங்க ஊராகிய போங்கானின் மருத்துவமனை காலரா நோயாளிகளால் நிரம்பியது. படுக்கைகள் போதாமல் நோயாளிகள் தரையில் கிடந்தனர். கல்கத்தாவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் ஆய்வு மையத்தைச் சேர்ந்த குழந்தை மருத்துவர் திலீப் மகலனாபிஸ் அங்கு அனுப்பப்பட்டார். சிரைவழி நீர்மம் விரைவில் தீர்ந்துபோகும் நிலை ஏற்பட்டது.

அந்நிலையில் வாய்வழிக் கரைசலையே முதன்மை மருத்துவமாக்க அவர் துணிந்தார். ஒரு லிட்டர் நீருக்குக் குளுக்கோஸ் 22 கிராம், சமையல் உப்பு 3.5 கிராம், சமையல் சோடா 2.5 கிராம் என்னும் எளிய அளவு கொள்ளப்பட்டது. கல்கத்தாவில் இவற்றை எடையிட்டுப் பொட்டலங்களாக்கினர். முகாமில் பெரிய கலங்களில் கரைத்துக் குவளைகளில் அளித்தனர். ஊட்டியவர்கள் பெரும்பாலும் நோயாளிகளின் தாயரும் உறவினருமே. கரைசலை அமைக்கும் முறையைக் கூறும் துண்டறிக்கைகள் எல்லையெங்கும் வழங்கப்பட்டன. இரகசியமாக இயங்கிய வங்கதேச வானொலியும் அதனை ஒலிபரப்பியது.

எட்டு வாரங்களுக்கு மேலாக ஏறத்தாழ 3,700 பேர் இவ்வாறு மருத்துவம் பெற்றனர். இறப்பு 3.6 விழுக்காடு. கரைசல் வருவதற்கு முன் அது 30 விழுக்காட்டை ஒட்டியிருந்தது. ஒப்பீட்டுக்கென நோயாளிகளைப் பிரித்து நடத்திய ஆய்வன்று இது. முகாம் நிலையில் அது இயலாது. இக்காரணத்தால் முதலில் ஐயத்துடனேயே நோக்கப்பட்ட இம்முடிவுகள் 1973இல் அச்சேறின. ஆயினும் உலக நலவாழ்வு நிறுவனத்தின் திமான் பருவா முகாமை நேரில் கண்டு, இம்முறையின் ஆற்றலை உணர்ந்து, அதனை உலகளவில் வலியுறுத்தினார்.

பொட்டலமும் கஞ்சியும்

உலக நலவாழ்வு நிறுவனமும் யூனிசெஃபும் 1975இல் ஒரே கலவையை ஏற்றன. 1978இல் ‘லான்செட்’ தன் தலையங்கத்தில், சர்க்கரையும் உப்பும் இணைந்து உறிஞ்சப்படும் உண்மையை அந்நூற்றாண்டின் தலையாய மருத்துவ முன்னேற்றமாகக் கருதலாம் என மதிப்பிட்டது. வங்கதேசத்தின் பிராக் தொண்டு நிறுவனம் 1980க்கும் 1990க்கும் இடையில் ஒரு கோடிக்கும் மிகுதியான வீடுகளுக்குச் சென்று, மூவிரல் சிட்டிகை உப்பு, ஒரு கைப்பிடி வெல்லம், அரைச் சேர் நீர் என்னும் அளவைத் தாயருக்குக் கற்பித்தது. ஆய்வுக்கூட விகிதம் விரலளவாக மாறியமை இவ்வரலாற்றின் சிறப்பான கட்டமாகும்.

அரிசிக் கஞ்சியும் ஆய்வுக்கு உட்பட்டது. மாவுப்பொருள் குடலில் மெல்லப் பிரிந்து குளுக்கோசைத் தருவதால், கரைசலின் செறிவு கூடாமலே மிகுதியான சர்க்கரை கிடைக்கிறது. கல்கத்தாவில் பாத்ரா, மகலனாபிஸ் ஆகியோர் 1982இல் அரிசிக் கரைசலின் பயனைக் குழந்தைகளிடம் காட்டினர். வேலூர்க் கிறித்தவ மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்த பி.எஸ். ராமகிருஷ்ணா குழுவினர் 2000இல் வெளியிட்ட ஆய்வு வேறொரு வழியைச் சுட்டியது. சிறுகுடலில் செரியாத ஒருவகை மாவுப்பொருளைக் கரைசலில் சேர்த்தனர். அது பெருங்குடலை அடைந்து, அங்குள்ள நுண்ணுயிர்களால் சிறு கொழுப்பு அமிலங்களாக மாற, அவை பெருங்குடலைச் சோடியமும் நீரும் உறிஞ்சத் தூண்டின. காலரா நோயாளிகளின் பேதி இதனால் குறைந்தது.

மணிலாவில் கற்ற விகிதப் பாடம் பிற்காலத்தும் தொடர்ந்தது. 2002இல் உலக நலவாழ்வு நிறுவனம் கலவையின் செறிவைக் குறைத்தது. ஒரு லிட்டருக்கு உப்பு 2.6 கிராம், குளுக்கோஸ் 13.5 கிராம், பொட்டாசியம் குளோரைடு 1.5 கிராம், சோடியம் சிட்ரேட் 2.9 கிராம் என்பது அதன் அளவு. 2004இல் துத்தநாகமும் குழந்தைகளின் வயிற்றுப்போக்கு மருத்துவத்தில் சேர்க்கப்பட்டது.

முடிவுரை

இவ்வரலாற்றின் கூறுகள் 1960ஆம் ஆண்டளவில் ஏறத்தாழ முழுமையாகக் கிடைத்திருந்தன. சாட்டர்ஜியிடம் நோயாளிகள் இருந்தனர், விளக்கம் இல்லை. கிரேனிடம் விளக்கம் இருந்தது, நோயாளிகள் இல்லை. டேயின் ஆய்வும் கங்கரோசாவின் சோதனையும் குடல் சிதையவில்லை என்பதை உணர்த்தின. ஆயினும் இவை ஒன்றுசேர எட்டாண்டுகளும், மக்கள் கையை அடைய மேலும் மூன்றாண்டுகளும் சென்றன. தடையாக நின்றது பொருளின்மை அன்று. நோயுற்ற குடலுக்கு ஓய்வே தேவை என்னும் கோட்பாடும், ஊசிவழி அளிப்பதே உயர்ந்த மருத்துவம் என்னும் நம்பிக்கையுமே தடைகளாயின.

இத்தடைகள் முற்றிலும் நீங்கிவிடவில்லை. வயிற்றுப்போக்கு என்றதும் நீரையும் உணவையும் நிறுத்தும் வழக்கம் பல வீடுகளில் இன்றும் உண்டு. இந்தியாவில் வயிற்றுப்போக்கு கண்ட குழந்தைகளுள் இக்கரைசலைப் பெற்றோர் 2005–06ஆம் ஆண்டின் தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில் 26 விழுக்காட்டினர். 2019–21ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் ஏறத்தாழ 61 விழுக்காட்டினர். முன்னேற்றம் பெரிது, எஞ்சியதும் சிறிதன்று. 1980ஆம் ஆண்டையொட்டி உலகில் ஆண்டுதோறும் 40 இலட்சத்திற்கும் மேற்பட்ட குழந்தைகளைக் கொன்ற வயிற்றுப்போக்கு, அண்மை ஆண்டுகளில் 5 இலட்சத்திற்கும் குறைவானோரையே கொல்கிறது. தூய நீரும் தடுப்பூசியும் நல்லுணவும் இதற்குத் துணைநின்றன. எனினும் இக்கரைசலின் பங்கு முதன்மையானது.

சம்புநாத் டே 1985இல் மறைந்தார். வாழ்நாளில் அவர் பெற்ற சிறப்பு குறைவே. திலீப் மகலனாபிஸ் 2022இல் மறைந்தபின், 2023இல் அவருக்குப் பத்ம விபூஷண் அறிவிக்கப்பட்டது. அவர்கள் உறுதிப்படுத்திய உண்மை ஒரு வரியில் அடங்கும்: நோயின் கடுமையிலும் குடல் தன் வேலையை முற்றிலும் கைவிடுவதில்லை. அதற்கு உரிய விகிதத்தில் உப்பும் சர்க்கரையும் நீரும் அளிப்பதே மருத்துவம். அதனை அளிக்கத் தாயின் கையும் போதும் என்பதைப் போங்கான் முகாம் காட்டிற்று.